ஆபத்தான வைரஸ் ஆய்வுகளை அப்படியே வெளியிடலாமா? 2011 முதல் தீராத ஒரு விவாதம், எளிய விளக்கம்

2011 டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, 'நேச்சர்', 'சயின்ஸ்' ஆகிய இரண்டு அறிவியல் இதழ்களிடம் வழக்கத்துக்கு மாறான ஒரு கோரிக்கையை வைத்தது. உங்களிடம் வந்துள்ள இரண்டு கட்டுரைகளின் முடிவுகளை வெளியிடுங்கள், ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்ற விவரத்தை மட்டும் நீக்கிவிடுங்கள் என்பதுதான் அது.

இரண்டு கட்டுரைகளும் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றியவை. ஒன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் ரான் ஃபூஷியே குழுவுடையது. மற்றொன்று விஸ்கான்சின், டோக்கியோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த யோஷிஹிரோ கவோகா குழுவுடையது. பாலூட்டிகளிடையே காற்று வழியாக எளிதில் பரவாத இந்த வைரஸை, அப்படிப் பரவும்படி ஆய்வகத்தில் மாற்ற முடியும் என்று இரு குழுக்களும் தனித்தனியாகக் காட்டியிருந்தன.

பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வைரஸை மாற்றிப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, கட்டுரைகள் வருகின்றன, விவாதமும் ஓயவில்லை. கோவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த தலைமுறை நாம். அதனால் இது யாரோ விஞ்ஞானிகளின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. என்ன நடந்தது, யார் என்ன சொல்கிறார்கள், இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹெச்5என்1ஐ ஏன் மாற்றிப் பார்த்தார்கள்?

2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பதிவான மனிதத் தொற்றுகள் 900க்கும் மேல். அதில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். லேசான காய்ச்சலோடு தப்பியவர்கள் பலர் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் இது சாதாரண எண் கிடையாது.

நல்ல விஷயம், இந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவுவதில்லை. பெரும்பாலும் நோயுற்ற கோழி, வாத்து போன்றவற்றோடு நெருங்கிப் பழகியவர்களுக்கே வந்தது. அப்படியானால் அடுத்த கேள்வி: இது என்றைக்காவது மனிதர்களிடையே பரவ ஆரம்பிக்குமா, ஆரம்பிக்கவே முடியாதா?

2011ல் நிபுணர்களே இதில் இரண்டு அணியாக இருந்தார்கள். இத்தனை வருடங்களாக நடக்காதது இனியும் நடக்காது என்றார்கள் சிலர். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் ஃபெரெட் என்ற, கீரி போலத் தோற்றமளிக்கும் சிறு விலங்கில் சோதனை செய்தார்கள். ஃப்ளூ வந்தால் ஃபெரெட்டுக்கும் நம்மைப் போலவே தும்மல் வரும் என்பதால் இத்துறையில் அதுதான் வழக்கமான சோதனை விலங்கு. கிடைத்த பதில்: ஆம், முடியும். அதுவும் மிகச் சில மரபணு மாற்றங்களே போதும்.

ஒரு ஊர் எச்சரிக்கையாக இருக்க இந்தத் தகவல் தேவை. அதே தகவல், தவறான கையில் ஒரு செய்முறைக் குறிப்பு. ஆங்கிலத்தில் 'டூயல் யூஸ்' என்று சொல்லும் சிக்கல் இதுதான். தமிழில் இரட்டைப் பயன்பாடு என்று சொல்லலாம். வைரஸுக்கு ஏற்கெனவே இல்லாத திறனைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு 'கெயின் ஆஃப் ஃபங்ஷன்' என்று பெயர். இந்த வகை ஆய்வு எல்லாமே ஆபத்தானது கிடையாது. தடுப்பூசி தயாரிப்பதற்காக வைரஸை முட்டையில் நன்றாக வளரும்படி மாற்றுவதும் இதே வகைதான். பிரச்னை, பரவும் திறனையோ கொல்லும் திறனையோ கூட்டும் ஒரு சிறு பிரிவில் மட்டும்.

கடைசியில் அந்தக் கட்டுரைகள் வெளிவந்தனவா?

வந்தன, முழுசாகவே. ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள்.

2012 ஜனவரி: உலகெங்கும் உள்ள 39 ஃப்ளூ ஆய்வாளர்கள், இந்த வகை ஆய்வுகளை 60 நாட்களுக்குத் தாங்களாகவே நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த 60 நாள் ஒரு வருடமாக நீண்டது.

2012 பிப்ரவரி: உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் 22 பேரைக் கூட்டியது. பாதி மறைத்த கட்டுரையால் பயனில்லை, சற்றுத் தாமதித்து முழுமையாகவே வெளியிடலாம் என்று அந்தக் கூட்டம் பரிந்துரைத்தது.

2012 மார்ச்: திருத்திய கட்டுரைகளைப் பார்த்த அமெரிக்க ஆலோசனைக் குழு மனம் மாறியது. கவோகாவின் கட்டுரைக்கு ஒருமனதாக ஆதரவு. ஃபூஷியேவின் கட்டுரைக்கு 12 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு.

2012 மே, ஜூன்: கவோகா கட்டுரை 'நேச்சர்' இதழிலும், ஃபூஷியே கட்டுரை 'சயின்ஸ்' இதழிலும் வந்தன.

குழு ஏன் மனம் மாறியது? ஒரு காரணம், முதலில் பரவிய பயத்துக்கும் தரவுக்கும் இடைவெளி இருந்தது. காற்று வழியாகத் தொற்று வாங்கிய ஃபெரெட்டுகள் இறக்கவில்லை. வைரஸை அதிக அளவில் நேரடியாக மூச்சுக்குழாயில் செலுத்தியபோதுதான் இறந்தன. 'உலகை அழிக்கும் வைரஸ்' என்று வந்த தலைப்புகளில் இந்த வேறுபாடு இல்லை.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. முழு விவரத்தை யாருக்கெல்லாம் கொடுப்பது, யார் அதை முடிவு செய்வது? பறவைக் காய்ச்சல் அதிகம் இருந்த இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து போன்ற நாடுகளின் மருத்துவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. அவர்களுக்குக் கொடுத்து மற்றவர்களுக்கு மறைக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. அவசரத்தில் உருவாக்கவும் முடியவில்லை.

நெதர்லாந்து அரசு ஏன் ஏற்றுமதி அனுமதி கேட்டது?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். ஃபூஷியே தன் கட்டுரையை அமெரிக்க இதழுக்கு அனுப்பும் முன் ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும் என்றது நெதர்லாந்து அரசு. ஆயுதமாகப் பயன்படக்கூடிய பொருட்கள் மட்டுமல்ல, அந்தத் தொழில்நுட்பத் தகவலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பது அரசின் வாதம். அதாவது, மின்னஞ்சலில் போகும் ஒரு கட்டுரையும் எல்லை தாண்டும் சரக்குதான்.

அவர் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே விண்ணப்பித்தார், 2012 ஏப்ரலில் உரிமமும் கிடைத்தது. பிறகு வழக்குப் போட்டார். இது அடிப்படை அறிவியல் ஆய்வு, அதற்கு விலக்கு உண்டு என்பது அவர் தரப்பு. 2013ல் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. 2015ல் மேல்முறையீட்டில் நடைமுறைக் காரணங்களுக்காக அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஒரு விஞ்ஞானக் கட்டுரை சரக்கா, பேச்சா என்ற மூலக் கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே இல்லை.

இது முதல் தடவையா?

கிடையாது. ஹெச்5என்1க்கு முன்னும் பின்னும் இதே போல் பல நடந்திருக்கின்றன. முக்கியமானவை மட்டும்:

2001: ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தக் கருத்தடை ஊசி மாதிரி ஒன்றைத் தேடினார்கள். அதற்காக எலி அம்மை வைரஸில் ஒரு மரபணுவைச் சேர்த்தபோது, தடுப்பூசி போட்ட எலிகளும் இறந்தன. எதிர்பாராத முடிவு. யோசித்துவிட்டு வெளியிட்டார்கள்.

2002: அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் விம்மர் குழு, தபாலில் வாங்கிய டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டே போலியோ வைரஸை உருவாக்கிக் காட்டியது. வைரஸ் கையில் இல்லாவிட்டாலும் அதன் மரபணு வரிசை தெரிந்தால் போதும் என்று உலகுக்குப் புரிந்த தருணம் அது.

2005: 1918ல் கோடிக்கணக்கானோரைக் கொன்ற ஃப்ளூ வைரஸை அமெரிக்காவின் சிடிசி ஆய்வகம் மீண்டும் உருவாக்கியது. மேலே சொன்ன அதே ஆலோசனைக் குழு அதை வெளியிடச் சம்மதித்தது. 1918ன் மரணங்களில் பெரிய பங்கு இந்தியாவுடையது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018: கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸ் குழு, குதிரை அம்மை வைரஸை டிஎன்ஏ துண்டுகளிலிருந்து உருவாக்கியதை வெளியிட்டது. குதிரை அம்மை மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் பெரியம்மை அதன் நெருங்கிய உறவு. முன்னணி இதழ்கள் மறுத்த பிறகு இந்தக் கட்டுரை வேறோர் இதழில் வந்தது. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும் என்பதை இது காட்டிவிட்டது.

மறைத்து வைத்த உதாரணம் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, வைரஸ் அல்ல, பாக்டீரியா. 2013ல் கலிஃபோர்னியா மாநில சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் புதிய வகை பொட்டுலினம் நச்சு ஒன்றைக் கண்டுபிடித்ததாக எழுதினார்கள். அதற்கு முறிவு மருந்து இல்லை என்று நினைத்ததால், மரபணு வரிசையை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு மற்ற ஆய்வகங்கள் சோதித்தபோது, ஏற்கெனவே இருக்கும் முறிவு மருந்தே அதற்கு வேலை செய்கிறது என்று தெரியவந்தது. மறைத்ததற்கான காரணமே இல்லாமல் போனது. பூட்டி வைத்தது தவறு என்று இதைச் சொல்ல முடியாது, அன்றைய நிலையில் அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் மறைத்துவிட்டால், நாம் நினைத்தது சரியா என்று பிறர் சோதித்துப் பார்க்கும் வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

வெளிப்படையாக இருந்தால் என்ன லாபம்?

இதற்குப் பெரிய உதாரணம் நாம் வாழ்ந்து பார்த்ததே. 2020 ஜனவரி 11. சீன விஞ்ஞானி ஜாங் யாங்ஜென் குழு கண்டறிந்த புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை, ஆஸ்திரேலியாவில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். ஜனவரி 13க்குள் மாடர்னா நிறுவனத்தின் தடுப்பூசி வடிவம் கணினியில் தயார். மார்ச் 16ல் முதல் மனிதருக்கு ஊசி. இடையே 63 நாள்.

சீனாவில் வேறு சில ஆய்வகங்களுக்கு அந்த வரிசை சில நாட்கள் முன்பே தெரிந்திருந்தது, ஆனால் வெளியே வரவில்லை. வரிசை வெளியான மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடி வைப்பது என்றாலே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. பல சமயம் அது அதிகாரத்தின் பழக்கம்.

தவறைத் திருத்தவும் வெளிப்படைத்தன்மை உதவுகிறது. 2020 ஜனவரி கடைசியில் டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழு ஒன்று, புதிய கொரோனா வைரஸுக்கும் ஹெச்ஐவிக்கும் விசித்திரமான ஒற்றுமை இருப்பதாக ஒரு ப்ரீபிரிண்ட் போட்டது. ப்ரீபிரிண்ட் என்றால் பிற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரை. உலகெங்கும் இருந்து விஞ்ஞானிகள் உடனே ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். சில நாட்களுக்குள் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாம் கண்ணெதிரே நடந்ததால்தான் இத்தனை வேகம். ஆனால் அதற்குள் சதிக் கதை வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது என்பதும் உண்மை.

அப்போ பயப்பட எதுவும் இல்லையா?

இருக்கிறது. வேண்டுமென்றே செய்யப்படும் தாக்குதலை விட்டுவிடுங்கள். விபத்துகளே போதும்.

1977ல் பரவிய ஹெச்1என்1 ஃப்ளூ, 1950களின் வைரஸைக் கிட்டத்தட்ட அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. இயற்கையில் 20 வருடம் மாறாமல் ஒரு ஃப்ளூ வைரஸ் இருக்காது. அதனால் ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ அது வந்திருக்கலாம் என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 1978ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜேனட் பார்க்கர் என்பவர் பெரியம்மையால் இறந்தார். பெரியம்மை ஆய்வகம் இருந்த அதே கட்டடத்தில் வேலை செய்தவர். பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவரும் அவரே. 2004ல் பெய்ஜிங் ஆய்வகத்திலிருந்து சார்ஸ் வெளியேறியதில் ஓர் ஆய்வாளரின் தாயார் உயிரிழந்தார்.

2014 அமெரிக்காவுக்கு மோசமான ஆண்டு. சிடிசியில் 70க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு ஆளாகியிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கிருந்தே சாதாரண ஃப்ளூ மாதிரி என்று அனுப்பிய ஒன்றில் ஹெச்5என்1 கலந்திருந்தது. பல பத்தாண்டுகளாக யாருமே கவனிக்காத பெரியம்மைக் குப்பிகள் ஒரு சேமிப்பு அறையில் கிடைத்தன. அந்த அக்டோபரில் ஃப்ளூ, சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களின் திறனைக் கூட்டும் ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியது. 2017 டிசம்பரில் புதிய பரிசீலனை முறையோடு தடை நீங்கியது. 2025 மே மாதம் அதிபர் டிரம்ப்பின் உத்தரவு மீண்டும் நிதியை முடக்கியது.

நிறுத்து, தொடங்கு, நிறுத்து. 15 வருடங்களுக்குள் இந்தச் சுழற்சி பலமுறை.

ஆபத்து எவ்வளவு? நம்பர் என்ன சொல்லுது?

எண்களோடு புழங்குபவர்களுக்கு இந்த இடம் சுவாரஸ்யம். 2014ல் மார்க் லிப்சிட்ச், டாம் இங்கிள்ஸ்பி ஆகிய இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். எளிதில் பரவும் கொடிய ஃப்ளூ வைரஸை வைத்து ஓர் ஆய்வகம் ஓராண்டு வேலை செய்தால், பெருந்தொற்று ஏற்படும் வாய்ப்பு 0.01% முதல் 0.1% வரை என்றார்கள். அதாவது ஓர் ஆய்வகத்துக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை. கேட்க அரிதாகத் தெரியும். ஆனால் பத்து ஆய்வகங்கள் பத்து வருடம் வேலை செய்தால் நூறு ஆய்வக ஆண்டுகள். இப்போது வாய்ப்பு 1% முதல் 10% வரை.

ஃபூஷியே தன் ஆய்வகத்தின் பாதுகாப்பு அடுக்குகளைக் கணக்கில் எடுத்துப் பதில் எழுதினார். அவர் கணக்கில் 3,300 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நடக்காது. பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்!

ஒரே ஆபத்து. ஒரு கணக்கில் ஆயிரம் ஆண்டு, இன்னொன்றில் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை. எந்த விபத்தை எண்ணுவது, மனிதத் தவறை எவ்வளவு கூட்டுவது, ஒவ்வொரு பாதுகாப்பு அடுக்கும் தனித்தனியாக இயங்கும் என்று நம்புவதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அதனால் 'ஆபத்து இவ்வளவுதான்' என்று யாராவது ஒரே எண்ணை உங்களிடம் உறுதியாகச் சொன்னால், அந்த எண்ணைவிட அதன் பின்னால் உள்ள அனுமானங்களைக் கேளுங்கள்.

ஐடி துறையில் இருப்பது போல ஒரு வழி இங்கே இல்லையா?

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு உடனே இந்தக் கேள்வி வரும். ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால், முதலில் நிறுவனத்துக்குச் சொல்வோம். சரிசெய்ய அவகாசம் கொடுப்போம். கூகுளின் 'ப்ராஜெக்ட் ஜீரோ' குழு கொடுப்பது 90 நாள். அதற்குப் பிறகு உலகுக்குச் சொல்வோம்.

வைரஸ் விஷயத்தில் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். மனித உடலுக்கு 90 நாளில் அப்டேட் அனுப்ப முடியாது. தடுப்பூசி கண்டுபிடித்தாலும் எல்லோருக்கும் போய்ச் சேர வருடங்கள் ஆகும், அதிலும் ஏழை நாடுகள் வரிசையின் கடைசியில். கோவிட்டில் நாம் பார்த்ததுதானே. தவிர, மென்பொருள் ஓட்டைக்குப் பொறுப்பான ஒரு நிறுவனம் இருக்கும். இயற்கைக்கு அப்படி ஒரு ஹெல்ப்டெஸ்க் இல்லை.

ஆனால் ஒப்புமையில் பாதி உபயோகமானதே. 'என்ன கண்டோம்' என்பதையும் 'எப்படிச் செய்வது' என்பதையும் பிரிக்கலாம் என்ற எண்ணம் இப்போது மெல்ல நடைமுறைக்கு வருகிறது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஎன்ஏ விற்கும் நிறுவனங்கள் ஆபத்தான ஆர்டர்களைப் பிடிக்க வைத்திருக்கும் வடிகட்டி மென்பொருளை, ஏஐ வடிவமைத்த நச்சுப் புரதங்கள் ஏமாற்ற முடியும் என்று கண்டார்கள். முதலில் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லி ஓட்டையைப் பெருமளவு அடைத்தார்கள். பிறகு கட்டுரை. ஆபத்தான தரவு மட்டும் ஒரு தனி அமைப்பிடம். தேவைப்படும் ஆய்வாளர்கள் தங்கள் அடையாளத்தையும் காரணத்தையும் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

2012ல் இல்லாத ஏற்பாடு இது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம். புனேயிலோ சென்னையிலோ இருக்கும் ஓர் ஆய்வாளர் விண்ணப்பித்தால், பாஸ்டனில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே வேகத்தில் கிடைக்குமா? 2007ல் இந்தோனேசியா இதே மனக்குறையில்தான் தன் ஹெச்5என்1 மாதிரிகளை உலகுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. எங்கள் நாட்டு வைரஸ், உங்கள் நாட்டுத் தடுப்பூசி, அதை நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பது அந்நாட்டின் கேள்வி. அதன் விளைவாகத்தான் ஃப்ளூ மாதிரிகளைப் பகிர்வதற்கான உலக சுகாதார நிறுவன ஒப்பந்தம் 2011ல் வந்தது. 'யாருக்குக் கொடுப்பது' என்பது பாதுகாப்புக் கேள்வி மட்டும் இல்லை, நியாயக் கேள்வியும் கூட.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்?

நேரடியாகவே இருக்கிறது. 2006ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் ஹெச்5என்1 முதன்முதலில் கண்டறியப்பட்டது, உறுதி செய்தது போபாலின் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம். 2021ல் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இந்த வைரஸால் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. கேரளத்தில் 2018 முதல் நிபா திரும்பத் திரும்ப வருகிறது. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு அடுக்கான பிஎஸ்எல்-4 ஆய்வகம் இயங்குகிறது.

சட்டம்? மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 விதிகள் உண்டு. 2005ல் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டம் வந்தது. ஆபத்தான கிருமிகளும் அவை தொடர்பான தொழில்நுட்பமும் 'ஸ்கோமெட்' எனும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. உயிரி, ரசாயன ஆயுதப் பரவலைத் தடுக்கும் 'ஆஸ்திரேலியா குரூப்' கூட்டமைப்பில் 2018ல் இந்தியா சேர்ந்தது. அப்படியானால், நெதர்லாந்து நீதிமன்றத்தில் எழுந்த அந்தச் சரக்கா, பேச்சா கேள்வி நாளை இங்கும் எழலாம். அது ஒரு அவசரத்தின் நடுவே எழுவதைவிட, இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முடிவா என்ன சொல்றீங்க?

வெளியிடலாமா, கூடாதா என்று கேட்கும்போதே நேரம் கடந்துவிடுகிறது. 2011ல் அந்தக் குழு கட்டுரையைப் பார்த்தபோது வைரஸ் ஏற்கெனவே உறைபெட்டியில் இருந்தது. முடிவுகளை ஒரு மாநாட்டில் பேசியும் ஆகிவிட்டது. சமைத்து முடித்த பிறகு குறிப்பை ஒளித்து என்ன பயன்? இந்தச் சோதனை தேவையா, வேறு பாதுகாப்பான வழி உண்டா என்ற கேள்விகள் நிதி கொடுக்கும் முன் வர வேண்டும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு 2024 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை சாட்சி. அமெரிக்கக் கறவை மாடுகளில் பரவிய ஹெச்5என்1ன் மேற்புறப் புரதத்தில் ஒரே ஒரு மாற்றம் நடந்தால் அது மனித செல்களின் வாங்கியைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்று அதில் காட்டினார்கள். முழு வைரஸை வைத்து அல்ல, தனியாகத் தயாரித்த புரதத்தை மட்டும் வைத்து. எச்சரிக்கை கிடைத்தது, பரவக்கூடிய வைரஸ் எதுவும் உருவாகவில்லை.

அந்த வடிகட்டலைத் தாண்டி நடந்த ஆய்வென்றால், முடிவுகள் வெளியே வருவதே இயல்பாக இருக்க வேண்டும். மறைப்பது விதிவிலக்கு. அப்படி மறைத்தாலும் யார் மறைத்தார்கள், ஏன், எப்போது மறுபரிசீலனை என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரகசியம் என்பது பொறுப்பில்லாமைக்குப் போர்வையாகிவிடும்.

அடுத்த முறை 'கொலைகார வைரஸ்' செய்தி வந்தால்?

2022 அக்டோபரில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு ப்ரீபிரிண்ட் உலகத்தையே கலக்கியது. ஒமிக்ரானின் ஸ்பைக் புரதத்தைப் பழைய கொரோனா வைரஸில் பொருத்திப் பார்த்த ஆய்வு. '80% மரணம் தரும் வைரஸை உருவாக்கினார்கள்' என்று தலைப்புகள். முழுத் தரவு இதுதான்: அந்தச் சோதனை எலிகளில் பழைய வைரஸ் 100% கொன்றது, கலப்பு வைரஸ் 80%, ஒமிக்ரான் பூஜ்யம். பழையதைவிடக் குறைந்தது என்பதும் உண்மை, ஒமிக்ரானைவிடப் பல மடங்கு கூடியது என்பதும் உண்மை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் தலைப்பு மாறுகிறது. தவிர, அவை நோய் கடுமையாகத் தாக்கும்படி வளர்க்கப்பட்ட சோதனை எலிகள். அந்தச் சதவீதத்தை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது.

எனவே அடுத்த ஃபார்வர்டு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முழு வைரஸா, அதன் ஒரு பகுதியா? எந்த விலங்கில், எந்த வழியில் தொற்ற வைத்தார்கள்? எதோடு ஒப்பிட்ட எண் அது? ஆய்வு தொடங்கும் முன் யார் அனுமதி கொடுத்தார்கள்?

கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலான செய்திகளில் இருக்காது. பாஸ்டன் விவகாரத்திலும் அதுதான் சர்ச்சையானது. இந்தச் சோதனை பற்றித் தங்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்றது அமெரிக்க அரசின் நிதி நிறுவனம். உள்ளூர்க் குழுக்களின் அனுமதி இருந்தது, அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்றது பல்கலைக்கழகம். கட்டுரை வெளிப்படையாக வந்ததால்தான் இந்த இடைவெளியே நமக்குத் தெரிந்தது.